தேதி போடாத தேடல்

முகத்துக்கு நேரே எல்லோரும் அவளை ‘மேடம்’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘பூட்டு’. அவள் காபி இயந்திரத்துக்குப் போகும் வழியில், “பூட்டு வருது, பூட்டு வருது” என்று யாராவது முணுமுணுப்பதும் இன்னொருவர் சிரிப்பை அடக்க இருமுவதும் அவள் காதில் விழும். விழாதது போல் போய்விடுவாள். வீட்டில் ஒருமுறை சொல்லி வருத்தப்பட்டபோது அவள் கணவன், “ஓட்டைன்னு கூப்பிடாத வரைக்கும் சந்தோஷப்படு” என்றான். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பழங்களையும் காய்களையும் மாதக்கணக்கில் கெடாமல் வைத்திருக்கும் குளிர்கிடங்கு அது. தொலைபேசி எடுக்கிற வேலைக்குத்தான் அவள் முதலில் அங்கே சேர்ந்தாள். மெயில்களைக் கவனித்துவந்த ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, “உனக்குத்தான் டைப் அடிக்கத் தெரியுமே” என்று அவளை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. குப்பைக்குப் போகவிருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி, அதில் எல்லாவற்றையும் கெடுத்து, கெடுத்ததைச் சரி செய்து, மறுபடியும் கெடுத்து அவளே கற்றுக்கொண்டாள். ஆரம்பத்தில் ஒரு தடவை அரை நாள் முழுக்க யாருக்கும் மெயில் போகாமல் செய்துவிட்டாள். அன்றைக்கு அலுவலகமே நிம்மதியாக இருந்தது என்று கணக்கர் இன்னமும் சொல்லிக் காட்டுவார்.

அவள் வேலை இரண்டு பங்கு. ஒன்று, வெளியிலிருந்து வரும் வாசல். வீட்டிலிருந்து அலுவலக மெயிலைத் திறக்க வேண்டுமானால் கடவுச்சொல் போட வேண்டும். பிறகு கைப்பேசிக்கு வரும் எண்ணையும் போட வேண்டும். அப்போதுதான் பக்கம் திறக்கும். மூடியதும் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓர் எழுத்துகூட ஒட்டியிருக்காது. தொலைந்த மடிக்கணினியிலிருந்து வியாபாரிகளின் விலை விவரமெல்லாம் வெளியே போன பிறகு அவளே யோசித்துச் செய்த ஏற்பாடு அது.

இன்னொன்று காப்பகம். அலுவலகத்துக்குள் வரும் மெயிலானாலும் வெளியே போகும் மெயிலானாலும், உரியவருக்குப் போய்ச் சேருமுன்பே அதன் பிரதி ஒன்று காப்பகத்துக்குள் விழுந்துவிடும். உள்ளே விழுந்ததை யாராலும் திருத்த முடியாது, அழிக்க முடியாது, அவளாலும் முடியாது. ஒரு வருடம் அங்கே இருக்கும். வருடம் முடிந்தவை மாதக் கடைசியில் தாமாகவே துடைக்கப்பட்டுவிடும். உள்ளே எதையாவது தேட வேண்டுமானால் இரண்டு சாவி வேண்டும். ஒரு கடவுச்சொல் அவளிடம், இன்னொன்று கணக்கரிடம். அவள் தேடுவாள், கணக்கர் படிப்பார். அப்போது அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். இத்தனை வருடத்தில் அடுத்தவர் மெயிலில் ஒரு வரி அவள் படித்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு. வெளியே சொல்லிக்கொள்ள முடியாத பெருமை.

அதே கிடங்கில்தான் அவளுடைய அக்காவின் கணவரும் இருந்தார், ஷிப்ட் சூப்பர்வைசராக. இவளுக்கு முன்பே சேர்ந்தவர். இவளுக்கு அங்கே வேலை இருப்பதாகச் சொன்னதே அவர்தான். ஆனால் அலுவலகத்துக்குள் இருவரும் பேசிக்கொண்டால், “சார், உங்க மெயில் பெட்டி நிறைஞ்சிருக்கு”, “சரிங்க மேடம், காலி பண்ணிடறேன்” என்பதோடு முடிந்துவிடும். மெயில் பெட்டியைக் காலி செய்யச் சொல்லி அவள் மாதாமாதம் எல்லோருக்கும் அனுப்பும் அறிவிப்பை மதித்த ஒரே ஜீவன் அவர்தான். வந்ததையும் போனதையும் ஒன்று விடாமல் துடைத்து வைப்பார். “கொழுந்தியா திட்டுவா” என்று சக ஊழியர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வாராம்.

அந்த நல்ல பழக்கம்தான் அவரைக் கவிழ்த்தது.

நான்காம் அறையில் அமோனியா கசிந்தது. குளிரூட்டும் குழாய்களில் ஓடும் வாயு அது. கசிந்தால் கண்ணும் நெஞ்சும் எரிந்து மூச்சு அடைத்துவிடும். கசிந்தவுடன் அலறுவதற்காகவே சுவரில் ஒரு சென்சார் உண்டு. அது அலறவில்லை. பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் விழுந்துகிடந்ததை வேறொருவர் தற்செயலாகப் பார்த்தார். ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் படி ஏற முடியாத நெஞ்சோடு வீட்டுக்குப் போனார்.

சென்சார் பழுதானதைச் சூப்பர்வைசர் மேலே தெரிவிக்கவேயில்லை என்றது நிர்வாகம். அத்தானை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். உத்தரவு வந்ததும் அவருடைய மெயில் கணக்கை மூடியவள் இவள்தான். விதி அப்படி.

அத்தான் சொன்னது வேறு. “நான் மேனேஜருக்கு மெயில் போட்டேம்மா. போன வருஷமே. ஒரு ஞாயித்துக்கிழமை, வீட்லேருந்து. வாயால ரெண்டு தடவ சொல்லிப் பாத்துட்டு, மூணாவதுக்குத்தான் மெயில். தலைப்புகூட ஞாபகம் இருக்கு. ‘நான்காம் அறை சென்சார், மறுபடியும்’. மறுபடியும்னு எழுதினா கோவிச்சுக்குவாரோன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன்.”

“அந்த மெயில் உங்க பெட்டியில இல்லையா அத்தான்?”

“நீதானே துடைக்கச் சொன்ன?”

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அதனால்தான் அதிகமாகக் குத்தியது. வீட்டுக் கம்ப்யூட்டரில் தேடவும் வழியில்லை. அங்கே எதுவும் ஒட்டக்கூடாது என்று ஏற்பாடு செய்ததும் அவள்தான்.

மிச்சமிருந்தது காப்பகம். எழுத்தில் யாராவது கேட்காமல் அதற்குள் தேட விதியில்லை. அந்த மெயிலுக்கு வருடம் முடிய அதிக நாள் இல்லை. துடைப்பதை நிறுத்தி வைக்க மேனேஜரிடமிருந்து எழுத்தில் உத்தரவு வேண்டும். அவள் கேட்டு மெயில் போட்டாள். பதில் இல்லை. நேரில் போய் நின்றாள்.

“விபத்து நடந்திருக்கு சார். விசாரணை முடியற வரைக்கும் எதையும் துடைக்கக் கூடாது. ஒரு வரி எழுதிக் கொடுங்க, நிறுத்தி வெச்சிடறேன்.”

“விசாரணை அதிகாரி யாருன்னே இன்னும் முடிவாகல. அதுக்குள்ள உனக்கென்னம்மா அவசரம்?” மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சொந்தக்காரர்னு தெரியும். அதனாலதான் சொல்றேன், நீ இதுல ஒதுங்கியே இரு. உனக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.”

அவள் ஒதுங்கினாள். உத்தரவு இல்லாமலே நிறுத்தி வைக்க அவளால் முடியும். ஒரே ஒரு பொத்தான். ஆனால் அத்தானுக்காக விதியை வளைத்தாள் என்று ஆகிவிட்டால், அப்புறம் காப்பகத்திலிருந்து எது வந்தாலும் அவள் கைவேலை என்றுதான் சொல்வார்கள். அத்தானைக் காப்பாற்றப் போய் அத்தானையே மூழ்கடித்த கதையாகிவிடும். இப்படி அவள் தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். நியாயம் சரியாகத்தான் இருந்தது. மாதக் கடைசியில், எப்போதும் போல, வேலை முடிந்தது என்று ஒரு பச்சைக் குறி திரையில் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அக்காவிடம் எத்தனை நாள் மறைப்பது? சொன்னாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த சட்டையை உதறி மறுபடியும் மடித்தாள்.

“அழிஞ்சு போறதப் பாத்துட்டு சும்மா உக்காந்திருந்தியா?”

“அக்கா, அதுல கை வெச்சா…”

“கை வெக்காத. எதுலயும் கை வெக்காத. மூணு வேளையும் கை கழுவிட்டு உக்காரு.” சட்டையை அப்படியே போட்டாள். “ஒண்ணு கேக்கறேன், சொல்லு. நீ என் தங்கச்சியா, அந்த ஆபீஸுக்குத் தங்கச்சியா?”

உள்ளே இருந்து அத்தான், “விடும்மா, அவள ஏன் போட்டுப் படுத்தற?” என்றார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

விசாரணை அதிகாரியாக வெளியிலிருந்து ஒரு பெண்மணியைப் போட்டார்கள். ஓய்வுபெற்ற இயந்திரப் பொறியாளர். கறாரானவர் என்று பேச்சு. அவர் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் துணி ஊற வைத்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் போனில் கூப்பிட்டார். புதுக் கைப்பேசி வாங்கியிருக்கிறாராம். அதில் எண் வந்தாலும் மெயில் பக்கம் பாதியில் நின்றுவிடுகிறதாம். முதலாளிக்கு உடனே ஒன்று அனுப்பியாக வேண்டுமாம்.

இப்படிப்பட்ட நேரங்களில் அவள் தன் வீட்டிலிருந்தே அவருடைய திரைக்குள் நுழைந்து சரி செய்து தருவாள். நுழையும் முன், “மத்ததெல்லாம் மூடிடுங்க சார்” என்று சொல்வது வழக்கம். அன்றைக்கும் சொன்னாள்.

“மூடிட்டேன், மூடிட்டேன். சீக்கிரம் பாரும்மா.”

அவர் மூடியது மேலே தெரிந்த ஒரு பக்கத்தைத்தான். பாதியில் நின்ற பழைய பக்கம் அடியிலேயே கிடந்தது. புதுக் கைப்பேசியைப் பதிந்து முடித்ததும் அது உயிர் பெற்று எழுந்து திரை முழுக்க விரிந்தது. அவர் அனுப்பிய மெயில்களின் வரிசை. இவள் மூட அம்புக்குறியை நகர்த்தினாள். நகர்த்துவதற்குள் கண் பார்த்துவிட்டது.

‘நான்காம் அறை சென்சார், மறுபடியும்’. அதற்கு முன்னால், வந்த மெயிலை இன்னொருவருக்குத் தள்ளிவிட்டால் தானாக ஒட்டிக்கொள்ளும் அந்த இரண்டெழுத்து. போன மாதத் தேதி. முதலாளிக்கு.

“ஆச்சாம்மா?”

“ஆச்சு சார்.”

“நல்லவேளை. உன்னை விட்டா இந்த ஆபீஸ்ல யாரு இருக்கா?”

துணி வாளிக்கருகே வந்து உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு முழுதாக உறைத்தது. மேனேஜர் தன் பெட்டிக்கு வந்திருந்த மெயிலை முதலாளிக்குக் காட்டிவிட்டு அழித்திருக்க வேண்டும். வந்ததை அழிக்கத் தெரிந்தவருக்கு அனுப்பியதும் ஓர் இடத்தில் நிற்கும் என்பது நினைவில் இல்லை. அலுவலகத்தில் பாதிப் பேர் செய்கிற தவறு. அது பெரிய விஷயமில்லை. அவர் நாளைக்கே அதையும் துடைத்துவிடலாம். பெரிய விஷயம் வேறு. தள்ளிவிட்ட மெயிலும் ஒரு மெயில். போன மாதம் அது கிளம்பிய நொடியிலேயே அதன் பிரதி காப்பகத்தில் விழுந்திருக்கும், அத்தான் எழுதியது முழுவதையும் வயிற்றில் வைத்துக்கொண்டு. பழையது துடைக்கப்பட்டாலும் இதற்கு ஒன்றும் ஆகாது. இதற்கு இன்னும் ஏறக்குறைய ஒரு வருடம் ஆயுசு இருக்கிறது.

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. ஆனால் இதை யாரிடம் சொல்வது? அத்தானிடம் சொன்னால், அவர் போன மாதத்து மெயிலைக் குறிப்பாகக் கேட்பார். உமக்கு எப்படித் தெரியும் என்பார்கள். அதிகாரியிடம் நேரே சொன்னால், பழுது பார்க்கப் போன இடத்தில் அடுத்தவர் பெட்டியை எட்டிப் பார்த்தவள் ஆவாள். அதிலும் குற்றம் சாட்டப்பட்டவரின் கொழுந்தியாள். சொல்லாமல் இருந்தால் கிடைக்கக்கூடியதும் கிடைக்காமல் போகும். யாருடைய தங்கச்சி என்று அக்கா ஒரு தடவைதான் கேட்டாள். இந்த முறை இவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சோப்பு போட்டுட்டியா?” என்று கணவன் கேட்டதற்கு, “இல்ல, தலைப்பு மட்டும்தான்” என்றாள். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனான்.

மறுநாளே ஒரு காகிதம் மேசைக்கு வந்தது. விசாரணை அதிகாரி கேட்டிருந்தாராம், மேனேஜர் தயார் செய்து அனுப்பியிருந்தார். ‘மேற்படி மெயிலோ அதன் பிரதியோ காப்பகத்தில் எங்கும் இல்லை என்று உறுதி அளிக்கிறோம்.’ கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். அவளுக்கு ஒன்று, கணக்கருக்கு ஒன்று.

கணக்கர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வந்தார். ஓய்வுபெற நாளெண்ணிக்கொண்டிருந்த மனிதர். எதைப் பார்த்தாலும் ஒரு முனகல், அதில் பாதி கிண்டல்.

“போடுங்க மேடம். நீங்க போட்டா நானும் போட்டுட்டுப் போறேன். டீ ஆறுது.”

“தேடிட்டுப் போடலாம் சார்.”

“ஒரு வருஷம் ஆன மெயிலு. போன மாசமே போச்சு. இல்லாத பொருளைத் தேடறதுக்கு ரெண்டு சாவியா?”

“எங்கும் இல்லைன்னு எழுதியிருக்கு. தேடாம எப்படி எழுதறது?”

கணக்கர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “உங்களுக்குப் பூட்டுன்னு பேர் வெச்சவன் கைக்கு மோதிரம் போடணும்” என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவள் தன் கடவுச்சொல்லைப் போட்டாள். அவர் ஒரு விரலால் தட்டித் தட்டித் தன்னுடையதைப் போட்டார். காப்பகம் திறந்தது. தலைப்பில் இருக்கும் சொற்களை அடித்தாள். கீழே, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இரண்டு கட்டங்கள்.

“அந்த ஞாயித்துக்கிழமையைப் போடுங்க” என்றார் கணக்கர். “காகிதத்துல தேதி இருக்கே.”

“தேதி வேண்டாம் சார். அப்படியே தேடுவோம்.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், திறந்திருந்த பேனாவை மெல்ல மூடிச் சட்டைப் பையில் செருகினார். அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டு அவள் பொத்தானை அழுத்தினாள்.

ஒன்று, என்று வந்தது.

அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். பின்னால் கணக்கர் படிக்கும் சத்தம் கேட்கவில்லை. அவர் மூச்சு மட்டும் கேட்டது. ஒரு தடவை “அடப்பாவி” என்றார்.

“மேடம், இந்தப் பக்கம் திரும்புங்க.”

திரும்பினாள். அவர் திரையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“உங்க அத்தான் எழுதினது முழுசா இருக்கு. மேல மேனேஜர் ஒரு வரி எழுதியிருக்கார். அது உங்களுக்கு வேண்டாம்.” குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு கேப்பேன். தேதி வேண்டாம்னீங்களே. இது இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

இல்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும். அந்த ஞாயிற்றுக்கிழமை திரையில் அவள் கண் எங்கே நின்றது என்பதற்குச் சாட்சி கிடையாது. தெரியாது என்று சொன்னால் கணக்கர் சந்தோஷமாக நம்பிவிட்டு டீ குடிக்கப் போவார். அத்தானின் மெயிலும் கறை படாமல் போய்ச் சேரும்.

“தெரியும் சார். நேத்து மேனேஜர் திரையைச் சரி பண்ணும்போது தலைப்பு கண்ணுல பட்டுச்சு. உள்ள படிக்கல.”

கணக்கர் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஏம்மா, இத ஏன் எங்கிட்ட சொன்னீங்க?”

“கேட்டீங்க.”

“கேட்டா சொல்லிடறதா? இப்ப நான் இத எழுதணும். எழுதினா என்னாகும் தெரியுமா? சொந்தக்காரி ஒளிஞ்சு பாத்து எடுத்துக் கொடுத்தான்னு அந்தாளு வக்கீல வெச்சு நாறடிப்பார். எழுதலன்னா, நாளைக்கு அந்தம்மா இதே கேள்விய உங்களக் கேக்கும். நீங்க இதே மாதிரி உக்காந்துகிட்டு ‘தெரியும்’னு சொல்லுவீங்க. எனக்குப் பென்ஷன் காலி.”

“எழுதுங்க சார். காப்பகத்துல யாரும் எதையும் உள்ள வெக்க முடியாதுன்னும் எழுதுங்க. அதை அந்தம்மா யாரை வெச்சு வேணும்னாலும் சோதிச்சுக்கட்டும். நான் பாத்ததையும் எழுதுங்க.”

“நம்புவாங்கன்னு நெனைக்கிறீங்களா?”

“தெரியல சார்.”

உண்மையிலேயே தெரியவில்லை. கணக்கர் மேனேஜர் அனுப்பிய காகிதத்தை நான்காக மடித்து ஓரமாக வைத்தார். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தார். அவர் கையெழுத்து மெதுவாகத்தான் வரும். நடுவே நிமிர்ந்து, “ஞாயித்துக்கிழமை காலையிலயா, மத்தியானமா?” என்று கேட்டார். காலை என்றாள். எழுதிக்கொண்டார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, தாளை அதிகாரியின் அறைக்கு அவரே எடுத்துக்கொண்டு போனார். மேனேஜர் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு போனார்.

மாலைக்குள் அவளைக் கூப்பிட்டார் அதிகாரி. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். அவர் முகத்திலிருந்து எதுவும் தெரிந்துகொள்ள முடியவில்லை. கடைசியில், விசாரணை முடியும் வரை காப்பகத்தின் சாவியும் வெளிவாசல் வேலையும் வேறொருவரிடம் இருக்கும், இது தண்டனை இல்லை என்றார். தண்டனை இல்லை என்பதை அவர் இரண்டு தடவை சொன்னதுதான் அவளுக்கு உறுத்தியது. இங்கே பேசியதை வீட்டில் யாரிடமும் பேசக்கூடாது என்றும் சொன்னார். அதற்கும் சரி என்றாள்.

பேருந்துக்காக நின்றிருந்தபோது கைப்பேசி அடித்தது. அத்தான்.

“இன்னிக்கு ஏதோ தேடினாங்களாமே. கிடங்குல பேசிக்கறாங்க. எதுவும் கெடச்சுதாம்மா?”

பின்னால் அக்காவின் குரல் கேட்டது: “போனை எங்கிட்ட குடுங்க, நான் கேக்கறேன்.”

“அத்தான்,” என்றாள். “அதை நான் உங்ககிட்ட சொல்லக் கூடாது.”

மறுமுனையில் அவர் கையால் போனைப் பொத்திக்கொண்டு அக்காவிடம் ஏதோ சொல்வது மங்கலாகக் கேட்டது. கதவு ஒன்று அடித்துச் சாத்தப்பட்டது.

“சரிம்மா” என்றார் அத்தான். “உன் குரல் ஏன் ஒரு மாதிரியா இருக்கு? வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டியா?”

“பஸ்ஸுக்கு நிக்கறேன்.”

“பாத்துப் போ. உங்க அக்கா ரெண்டு நாள் பேச மாட்டா. நீ தப்பா எடுத்துக்காத.”

அவள் ‘ம்’ என்றாள். அதற்கு மேல் பேசினால் சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது. பேருந்து வந்து நின்றது. கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு ஏறியது. போனைக் காதிலிருந்து எடுக்காமல், அவரும் வைக்காமல், அடுத்த நிறுத்தம் வரைக்கும் இருவரும் அப்படியே இருந்தார்கள்.